மூன்று முறை சுத்தமான தண்ணீர்

பாட்டிலக்காவோடு ஒன்பது வருஷம் ஜீப் ஓட்டியவன் நான். அந்த ஒன்பது வருஷத்தில் அவர் கோபப்படாத நாள் ஒன்றைக் காட்டு என்றால், அவர் விடுப்பில் இருந்த நாளைத்தான் காட்ட முடியும். அன்றைக்கும் போன் போட்டு, ஐஸ் பெட்டியைச் சரியாக மூடினேனா என்று கேட்டிருப்பார்.

அவருடைய வேலையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். தொழிற்சாலைகள் வெளியே விடும் கழிவுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, சீல் வைத்து, எண் எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கி எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதில் என்ன விஷம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கெமிஸ்ட்டின் வேலை. கண்டுபிடித்ததை ஃபைலில் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது மேலதிகாரியின் வேலை. இந்த மூன்றில் கடைசி வேலைதான் ஒரு நாள்கூடத் தடையில்லாமல் நடந்தது.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. குள்ளம். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சாக்கடை ஓரமாக இறங்கினால் பட்டறைக் காவலாளிகள் எழுந்து நின்றுவிடுவார்கள், மரியாதையால் இல்லை, வாய்க்குப் பயந்து. மணி என்ன என்று கேட்டால் பத்தேகால் என்று சொல்ல மாட்டார், பத்து பதினாலு என்பார். வீட்டிலும் இதே கதைதான். ஃபிரிட்ஜில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவிலும் தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து. அவர் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சாதுவான மனிதர். ஒரு நாள் அக்காவை இறக்கிவிடப் போனபோது என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் முப்பது வருஷம் எல்லார்கிட்டயும் டிக்கெட் கேட்டேன். இப்ப ஒரு டம்ளர் பால் குடிக்க என்கிட்ட டிக்கெட் கேக்குறா."

இவ்வளவு கறாருக்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பேட்டரிப் பட்டறை மேல் வழக்குப் போட்டு எங்கள் அலுவலகம் தோற்றது. ஈயம், செம்பு மாதிரி உலோகங்களைப் பார்க்க வேண்டிய தண்ணீரென்றால் பாட்டிலில் முன்கூட்டியே நாலு சொட்டு ஆசிட் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஈயம் பாட்டில் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரை மட்டும் ஊற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்டோர்காரர் ஆசிட் போட மறந்துவிட்டார். ஈயம் சுவரில் ஒட்டிக்கொண்டது, பட்டறைக்காரன் சிரித்துக்கொண்டே வெளியே போனான்.

அன்று அக்கா ஸ்டோருக்குள் நுழைந்து போட்ட சத்தம் வாசலில் ஜீப்பில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. மறுநாள் சிவப்பு மையில் ஒரு அறிவிப்பு எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, ஸ்டோர் சுவரில் தானே ஒட்டினார். ‘உலோகம் பார்க்கும் எல்லாப் பாட்டிலிலும் ஆசிட் போட்ட பிறகே வெளியே கொடுக்க வேண்டும். விதிவிலக்கு கிடையாது.’ கடைசி இரண்டு வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு. அதற்கப்புறம் ஆசிட் இல்லாமல் ஒரு பாட்டில்கூட ஸ்டோரை விட்டு வெளியே வந்ததில்லை. அக்காவுக்கு அதில் பெருமை. எனக்கும்தான், இப்போது சொல்லவே எரிச்சலாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன்.

ஊருக்குக் கிழக்கே ஒரு முலாம் பட்டறை. குழாய், கைப்பிடி, சைக்கிள் சாமான் எல்லாவற்றுக்கும் குரோமியம் பூசிப் பளபளப்பாக்கித் தருவார்கள். குரோமியத்தில் இரண்டு வகை இருக்கிறது. பச்சை வகையால் அவ்வளவு தொந்தரவு இல்லை. மஞ்சள் வகை கொடியது, வருஷக்கணக்கில் உடம்புக்குள் போனால் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். கழிவுத் தொட்டியில் ஆசிட் ஊற்றி, ஒரு வெள்ளைப் பொடி போட்டு, மஞ்சளைப் பச்சையாக மாற்றிய பிறகுதான் தண்ணீரை வெளியே விட வேண்டும் என்பது சட்டம். பட்டறைக்குப் பின்னால் ஒரு ஓடை, ஓடையை ஒட்டிப் பன்னிரண்டு வீடு, தெருக் கோடியில் ஒரே ஒரு பொதுக் கிணறு.

கடைசி வீட்டம்மாதான் மனு போட்டவர். ஓடைத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, கிணறும் லேசாக மஞ்சளடிக்கிறது என்று எழுதியிருந்தார். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து பார்த்திருந்தால் ஒரே நாளில் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கிணறு எங்கள் துறை இல்லையாம். பட்டறையின் குழாய் வாய் வரைக்கும்தான் நாங்கள். தண்ணீர் அங்கிருந்து நாலடி நகர்ந்தால் வேறு துறை. அந்தத் துறைக்குப் போன கடிதம் போனதுதான், பதில் கடிதம் என் பேரன் காலத்தில் வரலாம்.

ஆக, விசாரணை முடியும் வரை தெருவுக்குத் தினமும் ஒரு தண்ணீர் லாரி. பட்டறைக் குழாயில் மாதம் ஒரு தடவை சாம்பிள். மூன்று தடவை சுத்தம் என்று வந்தால் மனு தள்ளுபடி, லாரி நிறுத்தம். முதல் தடவை சுத்தம் என்று வந்தது. இரண்டாவது தடவையும் சுத்தம். அக்காவுக்கு நம்ப முடியவில்லை. பிடிக்கும்போது மஞ்சளாக இருந்ததை அவர் தன் கண்ணால் பார்த்தவர். ஆனால் மஞ்சளாக இருப்பதெல்லாம் குரோமியமா? துருவாக இருக்கலாம், சாயமாக இருக்கலாம். எங்கள் பாட்டில்கள் வெள்ளைப் பிளாஸ்டிக். உள்ளே போன பிறகு தண்ணீர் என்ன நிறம் என்று வெளியிலிருந்து தெரியாது.

மூன்றாவது தடவை போனபோது கடைசி வீட்டம்மா ஓடைக்கரையில் காத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. இந்தத் தடவையாவது தண்ணியைப் பாத்து எடுக்குறீங்களா, இல்ல கண்ணை மூடிட்டு எடுக்குறீங்களா?"

"என் வேலையை எனக்குச் சொல்லித் தராதீங்க," என்றார் அக்கா, பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே.

"நான் எதுக்குச் சொல்லித் தரணும்? தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்குது. சர்க்கார் ரெண்டு தடவை சுத்தம்னு சொல்லிடுச்சு, இவ மட்டும் மஞ்சள் மஞ்சள்னு கத்துறா, இவளுக்குத்தான் மஞ்சக்காமாலைன்னு பேசுறாங்க. லாரிக்காரன்கூட ஹாரன் அடிக்காமப் போறான்."

அவர் கையில் ஊறுகாய் பாட்டில் மாதிரி ஒரு கண்ணாடிப் பாட்டில் இருந்தது. அக்கா பிடித்து முடித்ததும், அதே குழாயில், அதே தண்ணீரை அதில் பிடித்து, என் கையில் திணித்தார். "இதையும் கொண்டு போ தம்பி. உங்க மேடத்துக்கு வேண்டாம்னா நீ வச்சுக்கோ."

"சீல் இல்லாத பாட்டிலை லேப்ல எவன் தொடுவான்?" என்று அக்கா ஜீப்பில் ஏறினார். நான் அதைச் சீட்டுக்கு அடியில் உருட்டிவிட்டேன். நேர்மையாகச் சொன்னால், அப்புறம் மறந்தும் போனேன்.

நாலாம் நாள் அறிக்கை வந்தது. சுத்தம். மேலதிகாரி அன்றே மனுவைத் தள்ளுபடி செய்து எழுதிவிட்டார். மற்ற நாளெல்லாம் ஒரு ஃபைல் நகர ஆறு மாதம் ஆகும், இது மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் நகர்ந்தது. திங்கட்கிழமையிலிருந்து லாரி கிடையாது. அன்று வியாழன்.

அக்கா வந்து ஜீப்பில் உட்கார்ந்தார். கதவைச் சாத்திய வேகத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து அந்தக் கண்ணாடிப் பாட்டில் உருண்டு வந்து அவர் கால் பக்கம் நின்றது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எலுமிச்சம்பழ மஞ்சள். இறங்கி லேபுக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"சாம்பிள்ல மிச்சம் இருக்கா?"

"இருக்கு," என்றார் கெமிஸ்ட்.

"கண்ணாடிக் குவளைல ஊத்துங்க."

ஊற்றினார். பக்கத்தில் அக்கா தன் கையிலிருந்ததை வைத்தார். ஒன்று மஞ்சள். இன்னொன்று குடிக்கலாம் போலிருந்தது. ஒரே குழாய், ஒரே நிமிஷம், இரண்டு தண்ணீர்.

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "பெட்டி வண்டியில இருந்தப்ப யாராவது தொட்டாங்களா? பட்டறைக்காரங்க யாராவது உன்கிட்டப் பேசினாங்களா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒன்பது வருஷம்! மழையில், வெயிலில், நாறும் வாய்க்கால் ஓரத்தில் இவருக்காகக் குடை பிடித்தவன் நான். "நல்லா இருக்குக்கா. அடுத்தது என் வீட்டு ஃபிரிட்ஜையும் வந்து பாருங்க," என்றேன். அவர் கெமிஸ்ட்டையும் விடவில்லை. நீங்கள் அடிக்கடி பட்டறைப் பக்கம் டீ குடிக்கப் போகிறீர்களாமே என்று கேட்டார். கெமிஸ்ட் டீயே குடிப்பதில்லை, வயிற்றுப் புண்.

கோபத்தில் கெமிஸ்ட் ஒரு காகிதத் துண்டை எடுத்து இரண்டு குவளையிலும் தோய்த்தார். அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் காகிதம். மஞ்சள் தண்ணீரில் அது நீலமானது. எங்கள் சாம்பிளில் சிவந்தது.

"இதுல ஆசிட் இருக்கு."

"இருக்கத்தான் செய்யும். உலோகப் பாட்டில்."

கெமிஸ்ட் அந்தச் சிவந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடிப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தனியாக ஊற்றி, அதில் நாலு சொட்டு ஆசிட் விட்டுக் கலக்கினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மஞ்சள் வெளுத்துக்கொண்டே வந்தது. நான் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் தண்ணீரில் நிறமே இல்லை.

"பட்டறைல பொடியை மட்டும் கொட்டியிருக்காங்க," என்றார் கெமிஸ்ட். "ஆசிட் ஊத்தவே இல்ல. ஆசிட் இல்லேன்னா பொடி வேலை செய்யாது, சும்மா கரைஞ்சு கிடக்கும். மஞ்சள் அப்படியே வெளிய வருது. நாம அதை ஆசிட் இருக்குற பாட்டில்ல பிடிக்கிறோம். உடனே பொடிக்கு உயிர் வந்து மஞ்சளைப் பச்சையா மாத்திடுது, இவ்வளவு கொஞ்சத்துல பச்சை கண்ணுக்குத் தெரியாது. அக்கா, அவன் தொட்டில பண்ண வேண்டிய வேலையை உங்க பாட்டில் பண்ணிக் கொடுத்திருக்கு. மூணு மாசமா."

"மஞ்சள் பாக்குற பாட்டில்ல ஆசிட் போடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று அக்கா கெமிஸ்ட் மேல் பாய்ந்தார்.

"தெரியும். போட்டிருக்காங்கன்னு தெரியாது. ஃபாரத்துல ஆசிட்ங்கிற கட்டத்துல ‘விதிப்படி’ன்னு இருக்கும். விதிப்படின்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

கண்ணாடிப் பாட்டிலில் மிச்சமிருந்ததை மெஷினில் விட்டுப் பார்த்தார். அனுமதித்த அளவைப்போல நாற்பது மடங்கு.

அக்கா புயலாக ஸ்டோருக்குப் போனார். "மஞ்சள் பாட்டில்ல ஆசிட் போடச் சொன்னது எவன்யா?"

ஸ்டோர்காரர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பேனாவால் சுவரைக் காட்டினார்.

சிவப்பு மை கொஞ்சம் வெளிறியிருந்தது. அடியில் போட்ட இரண்டு கோடும் அப்படியே இருந்தன.

"முன்னாடியெல்லாம் மஞ்சள் பாட்டிலைத் தனியாத்தான் வச்சிருப்பேன், வெறும் பாட்டிலா," என்றார் ஸ்டோர்காரர். "நீங்க இதை ஒட்டின அன்னைக்கே கேட்டேன், மஞ்சளுக்குமாம்மான்னு. கடைசி ரெண்டு வார்த்தையைப் படிக்கத் தெரியாதான்னு கேட்டீங்க. எட்டு பேர் முன்னாடி. அப்புறம் நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கோபப்பட ஆள் கிடைக்காத பாட்டிலக்காவை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். அந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போனவர், பிறகு நகத்தால் நாலு மூலையையும் பக்குவமாகப் பெயர்த்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது என் முழங்கையை ஒரு தடவை தொட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை அவருக்கு வராது, எனக்குத் தெரியும். ஆனாலும் வார்த்தையாகவே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேலதிகாரியிடம் போனோம். கேட்டார், தலையை ஆட்டினார், நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"விடுங்கம்மா. நடந்தது நடந்துபோச்சு. அந்தம்மாவைப் புதுசா ஒரு மனு போடச் சொல்லுங்க, புதுசா சாம்பிள் எடுத்துடலாம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"விதிப்படி ரெண்டு மாசம்."

"திங்கக்கிழமை லாரி நிக்குது சார். ரெண்டு மாசம் அவங்க எதைக் குடிப்பாங்க?"

"பழைய அறிக்கை மூணும் ரத்தானாத்தான் லாரி ஓடும். அதை ரத்து பண்ணணும்னா, சாம்பிள் எடுத்தவங்களே தப்பு என்னோடதுன்னு எழுதிக் கொடுக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "ரிட்டயர் ஆக எட்டு மாசம்தானே இருக்கு? உங்க ஃபைல்ல இதுவரைக்கும் ஒரு மெமோ கிடையாது. எதுக்கும்மா இந்த வம்பு? வேணும்னா ஸ்டோர்காரர் தப்புன்னு எழுதிடலாம். ஏற்கனவே ஒரு தடவை மாட்டினவர்தானே?"

இதுதான் எங்கள் அலுவலகம். தண்ணீரைச் சுத்தம் செய்யத் துப்பில்லை, ஃபைலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஆயிரம் வழி தெரியும்.

அக்கா அவர் மேஜையிலிருந்தே ஒரு வெள்ளைத் தாளை உருவினார். நின்றுகொண்டே எழுதினார். மூன்று அறிக்கையும் தவறு, தவறு தன்னுடையது, காரணம் தான் ஒட்டிய அறிவிப்பு. அதோடு நிறுத்தினாரா? அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து இரண்டு வருஷமாக எடுத்த எல்லா மஞ்சள் சாம்பிளையும் மறுபடி எடுக்க வேண்டும் என்று கீழே ஒரு பத்தி சேர்த்தார். தேதி போட்டார், நேரம் போட்டார், மூன்று ஐம்பத்திரண்டு. மேலதிகாரி அதை இரண்டு விரலால் பிடித்து வாங்கினார், ஈரத் துணியை வாங்குவது போல.

லாரி நிற்கவில்லை. சனிக்கிழமையே உத்தரவு மாறியது. அக்காவுக்குத் திங்கட்கிழமை மெமோ வந்தது, ஆய்வுக்கூடத்தின் பெயரைக் கெடுத்ததற்காக. சாம்பிள் வேலையிலிருந்து எடுத்து, தபால் பிரிவில் உட்காரச் சொல்லியிருந்தார்கள், புதன்கிழமையிலிருந்து. அவர் கணவர் போனில் என்னிடம் கேட்டார்: "தபாலுக்கும் ஐஸ் பெட்டி கொண்டு போவாளா தம்பி?" சிரித்தார், ஆனால் சிரிப்பு சரியாக வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா ஜீப்பில் ஏறி, "கிழக்கே போ," என்றார்.

"அங்க இன்னைக்கு டியூட்டி இல்லையேக்கா."

"போன்னா போ."

கடைசி வீட்டம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அக்கா நேரே போய், முன்னுரை எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். நீங்க சொன்னது சரி. தண்ணீர் விஷம். மூணு தடவையும் தப்பு என் மேலதான்.

அந்தம்மா கையிலிருந்த துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார். நன்றி சொல்வாரென்றோ திட்டுவாரென்றோ நான் எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான்தான் அந்தத் தண்ணியைத் தொடலையே," என்றார். "பக்கத்து வீட்டுல சொல்லுங்க. சர்க்காரே ரெண்டு தடவை சுத்தம்னு சொல்லிடுச்சு, லாரிக்கு எதுக்கு வரிசைல நிக்கணும்னு அவ கிணத்துல எடுக்க ஆரம்பிச்சுட்டா. ஒரு மாசமாச்சு. நான் சொன்னா, உனக்குக் காமாலைங்கிறா."

பக்கத்து வீட்டுக்குப் பத்தடி தூரம் இருக்கும். அக்கா அந்தப் பத்தடியை நடக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஜீப்பைத் திருப்பி நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் குழந்தை. பின்னால் அடுப்படியில் மூன்று குடம் மூடி வைத்திருந்தது தெரிந்தது.

அக்கா மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அந்தப் பெண் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். முடிந்ததும் கேட்டாள்.

"சுத்தம்னு பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருந்துச்சே. அது யாரோடது?"

"சாம்பிள் எடுத்தவங்கங்கிற இடத்துல என்னோடது."

"அப்ப இந்த ஒரு மாசம் நாங்க குடிச்சது?"

மணியைப் பத்து பதினாலு என்று சொல்கிறவர், எதைக் கேட்டாலும் அளவோடு பதில் வைத்திருக்கிறவர் அக்கா. அவரிடம் அதற்கு அளவில்லை. எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாது, எவ்வளவு குடித்தார்கள் என்று தெரியாது. கிணறுதான் எங்கள் துறை இல்லையே! அந்த நேரத்தில் எனக்கு அந்தத் துறை, இந்தத் துறை, எல்லாவற்றையும் அள்ளி அந்தக் கிணற்றிலேயே போட்டால் என்ன என்று இருந்தது.

அக்கா கீழே உட்கார்ந்து பையைத் திறந்தார். ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். வெறும் பாட்டில்தான் என்று நிச்சயமானதும் என்னிடமும் நீட்டி, "நீயும் பாரு," என்றார். பார்த்தேன். சொட்டு ஈரமில்லை. அதைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார், விரல் பட்ட பாட்டிலில் பிடிக்கக் கூடாதாம்.

"அந்தக் குடத்துலேருந்து ஊத்தும்மா."

மூன்று தடவை அலசி, நான்காவது தடவை நிரப்பி, மூடி, சீல் வைத்து, எண் எழுதினார். ஒன்பது இருபத்தாறு. பிறகு ஃபாரத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக நிரப்பினார். ஆசிட் என்ற கட்டத்தில் ‘விதிப்படி’ என்று எழுதாமல், ‘போடவில்லை, இரண்டு பேர் பார்த்தோம்’ என்று எழுதினார்.

"அக்கா, இது கிணத்துத் தண்ணி. நம்ம துறை இல்ல, அதுவும் மனு போட்டவங்க இல்லாம உள்ளேயே வாங்க மாட்டாங்க," என்றேன்.

"தெரியும்," என்றார், தலையைத் தூக்காமல். மனுதாரர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார்.